நடவுக்குப் போனால் ஆதரவு வந்துவிட்டது என்று அர்த்தமா?



இரண்டு வாரங்களுக்கு முன் இங்கே ஒரு வாசகி எழுதியிருந்ததைப் படித்தேன். தன் தெருவில் விதவைப் பென்ஷன் வாங்கும் ஒரு பெண் காலையில் வேலைக்கும் போய் வருகிறார், இப்படி இரண்டு பக்கமும் வாங்குகிறவர்களால்தான் நிஜமாகவே கஷ்டப்படுகிறவர்களுக்குக் கிடைக்காமல் போகிறது என்று ஆதங்கப்பட்டிருந்தார். அவர் மீது எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. நம் ஊர்களில் பலரும் பேசுகிற பேச்சுதான் அது. ஆனால் அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அதை யாரும் உட்கார்ந்து போட்டுப் பார்ப்பதில்லை. இந்த வாரம் அந்தக் கணக்கை உங்கள் முன் வைக்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

நான் பாபநாசம் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தேன். வீட்டுக்காரர் குத்தகைக்குப் பயிர் வைக்கிறார். மாமியார், இரண்டு பிள்ளைகள், இரண்டு மாடு, இதுதான் என் உலகம். கையெழுத்து கொஞ்சம் தெளிவாக இருக்கும் என்பதால் எங்கள் ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டுமானாலும் என்னிடம் வருவார்கள். மகளிர் குழுக் கணக்கும் நான்தான் எழுதுகிறேன். அப்படி வருகிறவர்களில் கணவனை இழந்தவர்கள், கணவன் விட்டுவிட்டுப் போனவர்கள் நிறையப் பேர். எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். "அக்கா, வேலைக்குப் போனா பணத்தை நிறுத்திடுவாங்களாமே, நெசமா?"

முதலில் இந்தப் பணம் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் ஆதரவற்ற விதவைகளுக்கான ஓய்வூதியத் திட்டம் 1975 ஜூன் மாதம் தொடங்கியது. கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு 1986 ஏப்ரலில் தனியாக ஒரு திட்டம் வந்தது. மத்திய அரசு 2009-ல் இந்திரா காந்தி பெயரில் விதவைகளுக்கு ஓர் ஓய்வூதியம் கொண்டு வந்தது. அது 40 வயதான, வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள பெண்களுக்கு மட்டும். இருபதிலும் முப்பதிலும் தாலியை இழந்து, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளோடு நிற்கிறவளுக்கு மாநிலத் திட்டம்தான் கதி. எங்கள் ஊரில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான், 'ஓ.ஏ.பி.'. முதியோர் பென்ஷனின் பெயரையே எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டோம்.

தொகை 2011-ல் 500 ரூபாயிலிருந்து 1,000 ஆனது. அதன் பிறகு 12 வருஷம் அசையவே இல்லை. 2023-ல் 1,200 ஆக்கினார்கள். மத்தியத் திட்டத்தில் 2012-ல் 300 ரூபாய் என்று வைத்தார்கள், 2023-ல் இங்கே தொகை உயர்ந்தபோதும் மத்திய அரசின் பங்கு அதே 300-தான். 1,200 ரூபாயில் என்ன வாங்கலாம் என்று நமக்குத் தெரியாதா? ஒரு காஸ் சிலிண்டர் எடுத்தால் பெரும்பகுதி போய்விடும். மிச்சத்தில் எண்ணெய், பருப்பு, பிள்ளைக்கு நோட்டு. அதற்குள் பத்தாம் தேதி ஆகிவிடும். ஆகவே இந்தப் பணத்தை வைத்துக்கொண்டு ஒருத்தி வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. அவள் எதையாவது செய்துதான் ஆக வேண்டும்.

சிக்கல் திட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. 'ஆதரவற்ற' என்று சொல்லிக் கொடுக்கிற பணம் இது. விசாரணைக்கு வருகிறவர் பார்ப்பது, இவளுக்கு ஆதரவு இருக்கிறதா, இல்லையா என்பதைத்தான். இருக்கிறது, இல்லை என்ற இரண்டு பதில்தான் அவருடைய தாளில் இருக்கிறது. கொஞ்சம் இருக்கிறது, போதாது என்று எழுத அதில் இடமே இல்லை.

எங்கள் பக்கத்துத் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். 32 வயதுப் பெண். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். கணவர் நாலு வருஷத்துக்கு முன் மோட்டார் பைக் விபத்தில் இறந்துவிட்டார். பெண் ஏழாவது, பையன் மூணாவது. அலைந்து திரிந்து பென்ஷன் வாங்கினாள். சம்பா நடவு நேரத்தில் ஒருநாள் மறு விசாரணைக்கு ஆள் வந்தார்கள். வீடு பூட்டியிருந்தது. எங்கே என்று கேட்டதற்கு யாரோ, "அவ வயல்ல நிக்கிறா, தினமும் வேலைக்குப் போறாளே" என்று சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர்களுக்குக் கெட்ட எண்ணம்கூட இருந்திருக்காது. அடுத்த மாதத்திலிருந்து பணம் வரவில்லை. பேங்கில் கேட்டால் "எங்களுக்குத் தெரியாதும்மா, மேலேருந்து வரலை" என்றார்கள். ஏன் நிறுத்தினார்கள் என்று ஒரு காகிதம்கூட அவள் கைக்கு வரவில்லை.

மூன்று மனு எழுதினேன். அவள் மூன்று தடவை ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய் வந்தாள். ஏழு மாதம் கழித்துப் பணம் திரும்ப வந்தது. நின்றுபோன ஏழு மாதத்துப் பணம் வரவே இல்லை. அந்த ஏழு மாதத்தில் காதிலிருந்த தோடு அடகுக்குப் போனது.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். அரசுப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25-ம் தேதி நம் டெல்டாவில், நாகப்பட்டினம் மாவட்டம் திருக்குவளையில் வைத்து மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கினார்கள் அல்லவா? அந்தச் சமையலை அந்தந்த ஊர் மகளிர் குழுப் பெண்கள்தான் செய்கிறார்கள். விடியற்காலையில் போய், பிள்ளைகள் சாப்பிட்டதும் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். தனியாகப் பிள்ளை வளர்க்கிறவளுக்கு இதைவிடப் பொருத்தமான அரைநேர வேலை ஏது? தன் பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடம், தன் கையால் போட்ட உப்புமா. எங்கள் குழுவில் ஆள் கேட்டபோது எல்லோரும் அவள் பெயரைத்தான் சொன்னோம். அவள் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாள். "வேணாங்க்கா. அரசாங்க ரிஜிஸ்டர்ல பேர் ஏறிடும். வயலுக்குப் போனதுக்கே ஏழு மாசம் நிறுத்துனாங்க. இதுக்கு மொத்தமா அடிச்சுட்டா நான் யாரைப் போய் கேக்கறது?"

அவள் பயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த வேலைக்குப் போனால் பென்ஷன் நிற்காது என்று தெளிவாக எழுதிய ஒரு வரியை எடுத்துக் காட்ட முடிந்திருந்தால் அவள் போயிருப்பாள். அப்படி ஒரு காகிதம் எங்கள் ஊருக்கு வந்து நான் பார்த்ததில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். வயலில் ஒருத்தி நிற்பதைப் பார்த்தவர்கள் என்ன நினைக்கிறார்கள்? எங்கள் பக்கம் நடவுக்கு ஒரு நாள் கூலி 300 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 300 என்றால் மாதம் 9,000 என்று மனசுக்குள் பெருக்கிவிடுகிறார்கள். காவிரிப் பாசனத்தில் வேலை அப்படி வருவதில்லை என்பது வயலில் இறங்கியவர்களுக்குத் தெரியும். அறுப்பை மெஷின் எடுத்துக்கொண்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. இப்போது நடவுக்கும் மெஷின் வருகிறது. சில பேர் நடவே இல்லாமல் நேரடியாக விதைத்துவிடுகிறார்கள். குறுவை, சம்பா, தாளடி எல்லாம் சேர்த்து ஒருத்திக்கு நடவு 25 நாள் கிடைத்தால் பெரிசு. களை 15 நாள். தை, மாசிக்கு மேல் உளுந்து, பயறு எடுக்க ஒரு 10 நாள். ஆக வருஷத்துக்கு 50 நாள். 50 நாளைக்கு 300 வீதம் 15,000 ரூபாய். அதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 1,250. பென்ஷன் 1,200-ஐயும் சேர்த்தால் 2,450 ரூபாய். மூன்று பேர் சாப்பிட்டு, உடுத்தி, பள்ளிக்கூடம் போக இதுதான். இவளையா 'இரண்டு பக்கமும் வாங்குகிறாள்' என்கிறோம்?

இந்த 50 நாளும் நிச்சயம் இல்லை. மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்தால் குறுவைக்கு வேலை. 2024-ல் அணையில் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28-ம் தேதிதான் திறந்தார்கள். போர் வைத்திருந்தவர்கள் நட்டார்கள். ஆற்றுத் தண்ணீரை நம்பியிருந்த வயல்கள் காய்ந்து கிடந்தன. அந்த ஆனி, ஆடியில் எங்கள் ஊர் நடவு ஆட்கள் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தார்கள். விசாரணைக்கு அந்தச் சமயத்தில் வந்திருந்தால் எல்லோருமே ஆதரவற்றவர்கள்தான். புரட்டாசியில் வந்தால் எல்லோருமே சம்பாதிக்கிறவர்கள். ஒருத்தியின் வாழ்க்கையை எந்த மாதத்தில் எட்டிப் பார்க்கிறார்கள் என்பதை வைத்தா முடிவு செய்வது?

அடுத்து, பிள்ளைகளுக்கு வருகிற உதவி. இதைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். மத்திய அரசின் 'மிஷன் வத்சல்யா' என்ற திட்டத்தில், தாய் கணவனை இழந்தவளாகவோ, விவாகரத்து ஆனவளாகவோ, கைவிடப்பட்டவளாகவோ இருந்தால், பிள்ளை வீட்டிலேயே இருந்து படிக்க மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு மூலம் விண்ணப்பிக்க வேண்டும். கேட்ட எல்லோருக்கும் கிடைத்துவிடாது. ஒரு குழு பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கும். 2022-ல் வந்த நெறிமுறைப்படி, கிராமத்தில் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000 ரூபாய்க்குள்ளும், நகரத்தில் 96,000-க்குள்ளும் இருக்க வேண்டும்.

நல்ல திட்டம். பிள்ளையை விடுதிக்கு அனுப்பாமல் அம்மாவோடு வைத்துக்கொள்ள உதவுகிற திட்டம். ஆனால் அந்த 72,000 என்கிற கோட்டைப் பாருங்கள். மாதத்துக்கு 6,000. ஒருத்தி அரைநாள் தையல் வேலைக்குப் போய் மாதம் 5,900 சம்பாதிக்கிறாள் என்று வையுங்கள். ஒரு பிள்ளைக்கு 4,000 உதவி வருகிறது. மொத்தம் 9,900. முதலாளி அவள் வேலையைப் பார்த்து, இன்னும் ஒரு மணி நேரம் கூட இரு, 6,500 தருகிறேன் என்கிறார். வருஷத்துக்கு 78,000 ஆகிவிடுகிறது. கோட்டைத் தாண்டிவிட்டாள். 4,000 போய்விடும். இப்போது கையில் 6,500-தான். கூடுதலாக 600 ரூபாய்க்கு உழைத்து, மாதம் 4,000-ஐ இழக்கிறாள். பழையபடி 9,900-ஐ எட்ட வேண்டுமானால் சம்பளமே 9,900 ஆக வேண்டும். ஆறாயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் நடுவே பெரிய பள்ளம். அரைநேர வேலைகளின் சம்பளம் எல்லாம் அந்தப் பள்ளத்துக்குள்தான் வந்து விழுகிறது. புத்தியுள்ள எந்தத் தாயும் அந்த 600 ரூபாயை வேண்டாம் என்றுதான் சொல்வாள். அவளைச் சோம்பேறி என்று சொன்னால் நியாயமா?

வேண்டாம் என்று சொல்ல முடியாதவர்கள் என்ன செய்கிறார்கள்? மறைக்கிறார்கள். இதுதான் எல்லாவற்றிலும் எனக்குப் பெரிய கவலை. "நோட்டுல என் பேரை எழுதாதீங்க, பேங்க்ல போடாதீங்க, கையில குடுத்துடுங்க" என்று அவளே போய்க் கேட்கிறாள். கேட்டதும் முதலாளிக்கு விஷயம் புரிந்துவிடுகிறது. அடுத்தவளுக்கு 300 என்றால் இவளுக்கு 250. அவள் எங்கேயும் போய்ச் சொல்ல முடியாது. பெயர் இல்லாததால் பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது. கையில் ஊசி ஏறினாலும் நெல் மூட்டை காலில் விழுந்தாலும், அவள் அங்கே வேலை செய்தாள் என்பதற்கே அத்தாட்சி இல்லை. வருமானம் என்று ஒன்றைக் காட்டினால்தானே கறவை மாட்டுக்கோ தையல் மெஷினுக்கோ பேங்கில் தைரியமாகக் கடன் கேட்க முடியும்? மாதம் 1,200 ரூபாயைக் காப்பாற்றிக்கொள்ள, 20 வருஷத்துக்கான முன்னேற்றத்தை ஒருத்தி அடகு வைக்கிறாள். அவளை அப்படிச் செய்யவைப்பது அந்தக் கோடுதான்.

இதற்கு நேர்மாறான உதவிகளும் நம் ஊரிலேயே இருக்கின்றன. 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமல் வந்தது. அரிசி அட்டைக்காரி நேற்று நடவுக்குப் போனாளா என்று எந்தக் கடையிலும் கேட்டதில்லை. 2021 மே 8-ம் தேதி டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் கடை வேலைக்குப் போக அதனால் எத்தனை பேர் துணிந்தார்கள் என்று காலை பஸ்ஸில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் என்ற புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியபோதும், அம்மா சம்பாதிக்கிறாளா என்ற கேள்வி அதில் இல்லை. இந்த உதவிகளால் யாரும் வேலையை விடவில்லை. டிக்கெட் காசு மிச்சம் என்று வேலைக்குத்தான் கிளம்பினார்கள்.

2023 செப்டம்பர் 15-ல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையையே எடுத்துக்கொள்ளுங்கள். வருமான வரம்பு வைத்தார்கள்தான். ஆனால் அது வருஷத்துக்கு இரண்டரை லட்சம். நன்செய் 5 ஏக்கர், புன்செய் 10 ஏக்கர் வரை இருக்கலாம் என்றார்கள். புருஷன் உழைத்து, தானும் கொஞ்சம் சம்பாதிக்கிற ஒரு குடும்பத்துத் தலைவிக்கு 'உரிமை' என்று பெயர் சொல்லி 1,000 ரூபாய். விதவைப் பென்ஷன் வாங்குகிறவளுக்கு அது கிடையாது என்றும் அப்போதே சொல்லிவிட்டார்கள். ஏற்கெனவே ஒன்று வாங்குகிறாள், சரி, ஒத்துக்கொள்வோம். ஆனால் புருஷன் இருக்கிறவள் நடவுக்குப் போனால் உரிமை போகாது, புருஷன் இல்லாதவள் நடவுக்குப் போனால் 'ஆதரவற்றவள்' என்ற தகுதி போய்விடும் என்றால், இது என்ன நியாயம்? இரண்டு பேரும் ஒரே வயலில், ஒரே வரிசையில் நின்று நாற்று நடுகிறார்கள் சகோதரிகளே.

வெளிநாட்டில் இதற்கு என்ன செய்கிறார்கள் என்று லண்டனில் இருக்கும் என் சித்தப்பா மகளிடம் போனில் கேட்டேன். அங்கே தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய் வேலைக்குப் போனால் உதவியை ஒரேயடியாக நிறுத்துவதில்லையாம். பிள்ளை இருக்கிறவளுக்கு முதலில் ஒரு தொகை வரை சம்பளத்தைக் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள். அதற்கு மேல் சம்பாதிக்கும் ஒவ்வொரு பவுனுக்கும், அதாவது 100 பென்ஸுக்கும், உதவியில் 63 பென்ஸ் குறைத்து வந்தார்கள். 2021 கடைசியில் அதை 55 பென்ஸ் ஆக்கினார்கள். மிச்சம் 45 பென்ஸ் அவளுக்கு. அங்கேயும் இதில் குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், 55 என்பதே அதிகம் என்கிறார்கள். ஆனால் ஒன்று நிச்சயம், ஒரு மணி நேரம் கூட உழைத்தால் கையில் கொஞ்சமாவது கூடும்.

அதையே நம் கணக்கில் போட்டுப் பாருங்கள். 72,000 வரை முழு உதவி. அதற்கு மேல் ஒரு ரூபாய்க்கு அரை ரூபாய் குறைப்போம் என்று வைப்போம். 78,000 சம்பாதிக்கிறவள் 6,000 ரூபாய் கூடச் சம்பாதிக்கிறாள். அதில் பாதி 3,000. வருஷ உதவி 48,000-லிருந்து 45,000 ஆகிறது. சம்பளமும் உதவியும் சேர்ந்து 1,23,000. இப்போதைய முறையில் வெறும் 78,000. அவளும் வேலையை மறைக்க மாட்டாள். அரசாங்கத்துக்கும் 3,000 மிச்சம். சம்பளம் ஏற ஏற உதவி தானாகத் தேய்ந்து போகும். மாடிப்படியில் இறங்குகிற மாதிரி. இப்போது மாடியிலிருந்து தள்ளிவிடுகிறார்கள்.

போன கடிதம் எழுதிய சகோதரி கேட்ட இன்னொரு கேள்வி நியாயமானது. அரசாங்கத்தின் பணம் அளவானதுதானே, காத்திருக்கிறவர்கள் இருக்கும்போது சம்பாதிக்கிறவளுக்கு ஏன் கொடுக்க வேண்டும்? நானும் ஒத்துக்கொள்கிறேன், நிரந்தரச் சம்பளம் வந்தவளுக்கு இந்தப் பணம் வேண்டாம். 1982-ல் சத்துணவுத் திட்டம் வந்ததிலிருந்து அந்த வேலைகளில் கணவனை இழந்தவர்களுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். அப்படி வேலை கிடைத்து, மாதாமாதம் சம்பளம் வாங்கி, நிமிர்ந்து நின்று பிள்ளைகளைப் படிக்க வைத்த பெண்கள் நம் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் யாரும் பென்ஷன் வேண்டும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. நான் பேசுவது நடுவில் இருக்கிறவளைப் பற்றி. வருஷத்தில் 50 நாள் நடவு, மாலையில் பூக்கட்டு, காலையில் ஒரு வீட்டில் பாத்திரம் என்று ஓடுகிறவள். காத்திருக்கிறவளுக்குக் கொடுப்பதற்காக இவளிடமிருந்து பிடுங்கினால், நாளைக்கு இவள் மறுபடி காத்திருக்கிறவர்கள் வரிசையில் போய் நிற்கப்போகிறாள். அவ்வளவுதான் மிச்சம்.

அரசாங்கத்துக்கு நான் வைக்கும் கோரிக்கைகள் நான்கு. ஒன்று, நடவு, களை போன்ற பருவ வேலைகளின் கூலியையும், காலை உணவுச் சமையல் போன்ற அரைநேர வேலைகளின் ஊதியத்தையும் பென்ஷனுக்குக் கணக்கில் எடுக்க மாட்டோம் என்று தெளிவாக எழுதி, ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ரேஷன் கடையிலும் ஒட்ட வேண்டும். இரண்டு, வருமானத்தை ஒரு நாள் வந்து பார்த்து முடிவு செய்யாமல் வருஷ முழுவதற்கும் கணக்கிட வேண்டும். மூன்று, கோட்டைத் தாண்டினால் உதவியை ஒரேயடியாக வெட்டாமல் படிப்படியாகக் குறைக்க வேண்டும், குறைந்தது ஒரு வருஷமாவது அவகாசம் தர வேண்டும். நான்கு, நிறுத்துவதற்கு முன் காரணத்தை எழுத்தில் கொடுத்து, பதில் சொல்ல அவளுக்கு ஒரு வாய்ப்புத் தர வேண்டும். கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற மகளிருக்கும் என்றே ஒரு நல வாரியம் அறிவித்தார்களே, அந்த வாரியம் முதல் வேலையாக இதை எடுத்துக்கொள்ளட்டும்.

அரசாங்கம் செய்கிறபோது செய்யட்டும். அதுவரை நாம் செய்யக்கூடியவையும் இருக்கின்றன. மனு எழுதி எழுதி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், உங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு உதவும்.

கணவரின் இறப்புச் சான்று, விதவைச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார், பேங்க் பாஸ்புக், பிள்ளைகளின் பள்ளிச் சான்று, எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்து ஒரே பையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். ஒரு சின்ன நோட்டில், எந்தத் தேதியில் யார் வயலில் வேலை செய்தாள், எவ்வளவு கூலி என்று எழுதி வைக்கட்டும். எழுதத் தெரியாவிட்டால் ஏழாவது படிக்கும் மகள் எழுதுவாள். விசாரணைக்கு வருகிறவரிடம் "வேலையே செய்யவில்லை" என்று பொய் சொல்ல வேண்டியதில்லை. "வருஷத்தில் 50 நாள், 15,000 ரூபாய்" என்று நோட்டைக் காட்டலாம். வருமானச் சான்று வாங்கும்போதும் வருஷக் கணக்கைச் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

பணம் நின்றுவிட்டால் வாய்வார்த்தையாகப் போய்க் கேட்டுவிட்டு வந்துவிடக் கூடாது. சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தாருக்கு எழுத்து மூலம் மனு கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்க வேண்டும். பதில் இல்லாவிட்டால் ஆர்.டி.ஓ.வுக்கும், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்துக்கும் போகலாம். எதற்காக நிறுத்தினீர்கள், யார் கொடுத்த அறிக்கை, அதன் நகல் வேண்டும் என்று 2005-ம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய்தான், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். எங்கள் ஊர்ப் பெண்ணின் விஷயத்தில் முதல் இரண்டு மனுவுக்கு அசைவே இல்லை. இந்தச் சட்டத்தின் பெயரைச் சேர்த்து எழுதிய மூன்றாவது மனுவுக்குப் பிறகுதான் ஃபைல் நகர்ந்தது.

இன்னொன்று, தெருவில் விசாரிக்க வருகிறவரிடம் நாம் பேசுகிற பேச்சு. "அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா" என்று வாசலில் நின்று சொல்வது நமக்குச் சாதாரணம். அவள் வீட்டு அடுப்பை அது அணைத்துவிடும். புருஷன் இல்லாதவள் நல்ல சேலை கட்டினாலும், பிள்ளைக்குப் புதுப் பை வாங்கினாலும், எங்கிருந்து வந்தது என்று கேட்கிற வழக்கத்தை நாமே விட்டுவிட வேண்டும். உழைத்துத்தான் வந்தது. கேட்டால் "மாதத்துக்கு எவ்வளவு வருதுன்னு எங்களுக்குத் தெரியாதுங்க, அவங்ககிட்டயே நோட்டு இருக்கு, கேளுங்க" என்று சொன்னால் போதும்.

அந்தச் சகோதரிக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் இருக்கும் அந்தப் பெண்ணிடம் ஒருநாள் உட்கார்ந்து, வருஷத்துக்கு எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டு, நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். வந்த தொகையை இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். மற்ற ஊர்ச் சகோதரிகளும் எழுதட்டும். பத்து ஊர்க் கணக்கு இந்தப் பக்கத்தில் வந்தால், மனு எழுதும்போது நான் அதையும் சேர்த்து இணைத்து அனுப்புவேன்.

இப்படிக்கு,
ஒரு இல்லத்தரசி,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.